டோராக்ஸ்: லேப்டாப்பில் ஓடும் டோகமாக், விளிம்பை மட்டும் நம்மிடம் கேட்கிறது

முதலில் நல்ல விஷயம், அணுக்கரு இணைவுக்கான டோகமாக் எந்திரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் டோராக்ஸ் என்ற இந்த சிமுலேட்டர் இலவசம். அப்பாச்சி 2.0 உரிமம், முழு சோர்ஸ் கோடும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதில் என்ன அதிசயம் என்று மற்ற துறைக்காரர்கள் நினைக்கலாம். அணுக்கரு இணைவுப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். டோகமாக்குக்குள் பிளாஸ்மா (அயனிகளும் எலெக்ட்ரான்களும் பிரிந்து நிற்கும் மிகச் சூடான வாயு) எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடும் கோடுகள், அதாவது நிரல்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆய்வகத்துக்குள் பிறந்து, ஃபோர்ட்ரானில் பல தலைமுறை ஆராய்ச்சி மாணவர்களின் கைபட்டு வளர்ந்தவை. பிரின்ஸ்டனின் டிரான்ஸ்ப் 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரிக் கோடுகளைத் தொட வேண்டுமென்றால் நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பவர் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். கூகுள் டீப்மைண்ட் 2024ல் டோராக்ஸை வெளியிட்டபோது அந்தக் கதவு வெளியாட்களுக்கும் திறந்தது. ஒரு பிப் இன்ஸ்டால், அவ்வளவுதான்.

என் மொத்தக் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக. 5க்கு 4. குறைத்த அந்த ஒன்று மென்பொருளின் தரத்துக்காக இல்லை. இதில் வரும் மிகக் கவர்ச்சியான எண், அதாவது இணைவில் எத்தனை மெகாவாட் வந்தது என்ற எண், பெரும்பாலும் நாமே கையால் கொடுத்த இன்னொரு எண்ணின் நிழல்தான் என்பதை இது போதுமான அளவுக்கு உரக்கச் சொல்வதில்லை.

சரி, இது என்ன செய்கிறது? டோகமாக் என்பது வளைய வடிவக் கலன். உள்ளே காந்தப்புலக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்கான பரப்புகளாகச் சுற்றி வருகின்றன. ஒரே பரப்பின் மேல் வெப்பம் மிக வேகமாகப் பரவிச் சமமாகிவிடும், ஒரு பரப்பிலிருந்து அடுத்ததற்குத் தாண்டத்தான் கஷ்டப்படும். அதனால் முப்பரிமாணக் கணக்கை ஒரே பரிமாணத்துக்குச் சுருக்கிவிடலாம்: மையம் 0, விளிம்பு 1, நடுவில் என்ன வெப்பநிலை, என்ன அடர்த்தி. டோராக்ஸ் இந்தத் தூரத்தை நாம் மாற்றாவிட்டால் 25 கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. அயனி வெப்பம், எலெக்ட்ரான் வெப்பம், எலெக்ட்ரான் அடர்த்தி, மின்னோட்டம் எப்படிப் பரவுகிறது என்பது, இந்த நான்கு சமன்பாடுகளையும் ஒன்றாகக் கோத்து நேரத்தில் முன்னால் நகர்த்துகிறது. வெறும் 25 கட்டம்தானா என்று ஏளனமாக நினைக்க வேண்டாம், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும், வேகத்தின் ரகசியத்தில் பாதி அதுதான்.

மீதிப் பாதி ஜாக்ஸ். பைத்தானில் எழுதிய கணக்கை எந்திர மொழிக்குக் கம்பைல் செய்து ஓட்டும் நூலகம் அது. இதனால் ஒரு வினோத அனுபவம் உண்டு. முதல் தடவை ரன் கொடுத்தால் டெர்மினல் கல்லு மாதிரி அசையாமல் நிற்கும், ஏதோ தொங்கிப்போய்விட்டது என்று கண்ட்ரோல் சி அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், அது கம்பைல் ஆகிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் சிமுலேஷன் விறுவிறுவென்று ஓடிவிடும். இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன ஏற்பாடு: ஓடி முடித்தபின் நிரல் மூடிக்கொள்வதில்லை, ஒரு சிறு மெனுவைக் காட்டிக் காத்திருக்கிறது. உள்ளீட்டுக் கோப்பில் ஒரு எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி ஓடு என்று ஓரிரு எழுத்துக்களில் சொல்லலாம், பெரும்பாலும் மறுபடி கம்பைல் ஆகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதை எழுதியவர் தினமும் இதை உபயோகிக்கிறவர் என்று அந்த இடத்தில் தெரிகிறது. ஜிபியு தேவையில்லை, சாதாரண லேப்டாப் போதும்.

கூடவே வரும் உதாரணங்களில் ஐட்டரின் (பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் பெரிய டோகமாக்) ஹைபிரிட் ராம்ப்-அப் ஒன்று இருக்கிறது, முதலில் அதை ஓட்டுங்கள். பிளாஸ்மா மின்னோட்டம் 80 விநாடிகளில் 30 லட்சம் ஆம்பியரிலிருந்து 1 கோடியே 5 லட்சம் ஆம்பியருக்கு ஏறும். ஓடி முடித்தபின் பிளாட் கமாண்ட் கொடுத்தால் வெப்பநிலை, அடர்த்தி, மின்னோட்டம், கியூ என்ற பாதுகாப்பு எண் (காந்தப்புலக் கோடு குறுக்காக ஒரு சுற்று முடிப்பதற்குள் வளையத்தை எத்தனை தடவை சுற்றுகிறது என்பது) எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் வரும், கீழே நேரத்துக்கு ஒரு ஸ்லைடர். அதைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மின்னோட்டம் வெளியிலிருந்துதான் நுழைகிறது; பிளாஸ்மா சூடாகச் சூடாக அது இன்னும் நல்ல மின்கடத்தியாகி, உள்ளே மின்னோட்டம் ஊறிச் சேர்வது இன்னும் தாமதமாகிறது. விளிம்பில் கொடுத்தது மையத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு சாவகாசம் எடுத்துக்கொள்கிறது என்பதையும், அது சேரச் சேர மையத்தின் கியூ மதிப்பு படிப்படியாக இறங்கி 1ஐ நோக்கி வருவதையும் கண்ணால் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் நான் வெறும் வாக்கியமாகக் கடந்துபோன விஷயம் இது. இந்த ஒரு ஸ்லைடருக்காகவே எம்.எஸ்சி. மாணவர்கள் இதை இன்ஸ்டால் செய்யலாம் என்பேன்.

இப்போது உள்ளே இருக்கும் எஞ்சினுக்கு வருவோம். டோகமாக்கில் வெப்பம் வெளியே கசிவதற்கு முக்கியக் காரணம் கொந்தளிப்பு. மையத்துக்கும் விளிம்புக்கும் வெப்பநிலைச் சரிவு ஒரு அளவைத் தாண்டியதும் சின்னச் சின்னச் சுழல்கள் கிளம்பி வெப்பத்தை வெளியே அள்ளிக்கொண்டு போய்விடும். இதை அடிப்படையிலிருந்து கணக்கிடும் ஜீன், சிஜைரோ போன்ற கோடுகளுக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். அதைச் சுருக்கிச் செய்வது குவாலிகிஸ் என்ற கோடு, அதுவும் ஒவ்வொரு நேரப்படியிலும் கூப்பிட முடிகிற வேகம் இல்லை. அதனால் குவாலிகிஸை முன்கூட்டியே கோடிக்கணக்கான தடவை ஓட்டி (2020ல் வந்த பதிப்புக்குப் பயன்பட்டவை சுமார் 30 கோடி வெப்ப, துகள் பாய்வுக் கணக்குகள்) அந்த விடைகளில் ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறார்கள். கியூஎல்கேஎன்என் என்று பெயர். டோராக்ஸ் ஓடும்போது கொந்தளிப்பைக் கணக்கிடுவதில்லை, இந்த வலையிடம் கேட்டுக்கொள்கிறது. ஏமாற்று வேலை இல்லை, நல்ல பொறியியல். ஆனால் பயிற்சி கொடுத்த எல்லைக்கு வெளியே போனால் வலை அதே தன்னம்பிக்கையோடு எதையாவது சொல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மையத்துக்கு மிக அருகில் வெப்பநிலைச் சரிவே இருக்காது, அங்கே வலை சொல்லும் கசிவு கிட்டத்தட்டப் பூஜ்யம், உண்மையில் அங்கே வேறு நிலையின்மைகள் பிளாஸ்மாவைக் கலக்குகின்றன. அதனால் உள் பகுதிக்கு நாமே ஒரு எண்ணைக் கொடுத்து ஒட்டுப் போடும் வசதி வைத்திருக்கிறார்கள். வெளிப் பகுதிக்கும் அப்படி ஒன்று உண்டு. உதாரணக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் இந்த ஒட்டுக்கள் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் என் புகார் எங்கே? பெடஸ்டலில். 1982ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஆஸ்டெக்ஸ் எந்திரத்தில் ஃபிரிட்ஸ் வாக்னரும் குழுவும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: வெப்பமூட்டும் திறனை ஒரு அளவுக்கு மேல் கூட்டினால் விளிம்பில் கொந்தளிப்பு திடீரென்று அடங்கி, சில சென்டிமீட்டருக்குள் அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடுகிறது. அந்த மேட்டுக்குத்தான் பெடஸ்டல் என்று பெயர், இந்த நிலைக்கு எச்-மோட். ஐட்டரின் திட்டமே இதை நம்பித்தான்: 50 மெகாவாட் வெப்பமூட்டி 500 மெகாவாட் இணைவுத் திறன் எடுப்பது, அதாவது 10 மடங்கு.

டோராக்ஸில் பெடஸ்டலின் உயரம் விடையாக வருவது இல்லை, அது உள்ளீடு. உச்சி எந்த இடத்தில், அங்கே வெப்பநிலை எத்தனை கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (பிளாஸ்மாவின் வெப்பநிலையை இந்த அலகில்தான் சொல்வார்கள்), அடர்த்தி எவ்வளவு என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம், நிரல் அந்த இடத்தில் அந்த மதிப்புகளைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே கணக்குப் போடுகிறது. இதன் விளைவைக் கொஞ்சம் யோசியுங்கள். மேலே சொன்ன கொந்தளிப்பு வெப்பநிலைச் சரிவை ஒரு அளவுக்கு மேல் போகவிடாது. ஆக மையத்தின் வெப்பநிலை விளிம்பு எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்தது. கல்யாணப் பந்தல் மாதிரிதான், சுற்றுக் கால்களை உயர்த்தினால் கூரை மொத்தமும் உயரும், கூரையின் வளைவு அதிகம் மாறாது. பெடஸ்டலை 4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 5க்கு ஏற்றுங்கள் (5 என்றால் சுமார் 5 கோடியே 80 லட்சம் டிகிரி), மையமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். எரிபொருளான டியூட்டீரியம், டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான இரண்டு வகைகள்) இணைவு வீதமோ 10லிருந்து 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை ஏறக்குறைய வெப்பநிலையின் வர்க்கமாக ஏறுவது. உள்ளீட்டில் கால் பங்கு ஏற்றினால் வெளியே வரும் மெகாவாட் ஒன்றரை மடங்கை ஒட்டி எகிறிவிடும். உள்ளீட்டுக் கோப்பில் 4 என்ற எழுத்தை 5 ஆக்கியதைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை.

இதனால்தான் சமூக வலைத்தளங்களில் யாராவது டோராக்ஸ் கிராஃப் ஒன்றைப் போட்டு, என் லேப்டாப்பிலேயே ஐட்டர் 10 மடங்கு எட்டிவிட்டது என்று எழுதும்போது எனக்கு முதலில் வரும் கேள்வி, பெடஸ்டலுக்கு என்ன கொடுத்தீர்கள் ஐயா? அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரையில் இதற்குத் தனிப் பத்தியே இருக்கும், விளிம்பின் நிலைத்தன்மையை வைத்துப் பெடஸ்டலைக் கணிக்கும் இபெட் போன்ற தனி மாதிரிகள் இருக்கின்றன, அல்லது நிஜ எந்திரத்தில் அளந்த மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள் உதாரணக் கோப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் தப்பு செய்யவில்லை, ஆவணங்களில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனாலும் வெளியீட்டில் இணைவுத் திறனைக் காட்டும்போது பக்கத்திலேயே பெடஸ்டலின் எண்ணையும், அது பயனர் கொடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்துக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதோடு சேர்த்து, டோராக்ஸ் எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது, பெயரைப் பார்த்து முழு உலையின் சிமுலேஷன் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்மா திடீரென்று குலைந்து விழும் டிஸ்ரப்ஷன், விளிம்பில் வெடித்துத் துப்பும் இஎல்எம் ஆகியவற்றின் முழு இயற்பியல் வேண்டுமென்றால் ஜோரெக் மாதிரிக் கோடுகள் வேண்டும். அடிப்பாகத்தில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் டைவர்ட்டருக்கு சோல்ப்ஸ்-ஐட்டர், அது ஒரு விடைக்கு வாரக்கணக்கில் ஓடும், சில சமயம் மாதக்கணக்கில். விளிம்புக் கொந்தளிப்பு வேண்டுமா, யார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பௌட்++ இருக்கிறது. அதுவும் ஓபன் சோர்ஸ்தான், ஆனால் அதை இன்ஸ்டால் செய்வதே ஒரு தனித் தொழில்.

காந்தப்புலத்தின் வடிவத்தையும் டோராக்ஸ் தானாகக் கணக்கிடுவதில்லை. வட்ட வடிவம் ஒன்று உள்ளேயே இருக்கிறது, அதைத் தாண்டினால் வேறொரு கோடு தயாரித்த கோப்பைக் கொடுக்க வேண்டும்: சீஸ், எஃப்பிடி, அல்லது இந்தத் துறையின் பொதுமொழியான ஈக்யூடிஸ்க். இங்கே நான் ஃப்ரீஜிஎஸ் என்ற பைத்தான் நூலகத்தைச் சேர்த்துப் பயன்படுத்துகிறேன், அதுவும் இலவசம். எந்த இடத்தில் காந்தப்புலம் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், மொத்த மின்னோட்டம் எவ்வளவு என்று சொன்னால் சுருள்களில் எவ்வளவு ஓட வேண்டும் என்று கண்டுபிடித்து ஈக்யூடிஸ்க் எழுதிக் கொடுத்துவிடும். பத்துப் பதினைந்து வரி கோடு போதும்.

இரண்டையும் இணைக்கும் இடத்தில் ஒரு பழைய பேய் குடியிருக்கிறது. மின்னோட்டம் எந்தத் திசையில் போனால் எந்தக் குறி, காந்தப் பாயத்தை 2π-யால் வகுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருந்தது, அதையெல்லாம் 2013ல் ஒரு கட்டுரை பட்டியல் போட்டு எண் கொடுத்தது, கோகோஸ் என்று பெயர், மொத்தம் 16 வழக்கங்கள். பதினாறு! டோராக்ஸில் ஈக்யூடிஸ்க் கொடுத்தால் அந்தக் கோப்பு எந்த கோகோஸ் எண் என்று சொல்லியே ஆக வேண்டும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு இது பாராட்டத் தோன்றும் விஷயம், ஏனென்றால் கேட்காமல் தானே ஊகித்துக்கொள்ளும் கோடுகள் குறியை மாற்றிப் போட்டு, பார்க்க அழகாகவும் முற்றிலும் தப்பாகவும் ஒரு விடையைக் கொடுக்கும், அது தெரிவதற்குள் நேரம் போய்விடும்.

பாராட்டும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதுதான் டோராக்ஸைப் பழைய கோடுகளிலிருந்து பிரிக்கும் விஷயம். ஜாக்ஸில் எழுதியிருப்பதால் எந்த உள்ளீட்டைக் கொஞ்சம் அசைத்தால் விடை எவ்வளவு அசையும் என்ற வகைக்கெழுவைத் துல்லியமாக நேரடியாகவே வாங்கிவிடலாம். பழைய கோடுகளில் ஒவ்வொரு உள்ளீட்டையும் கொஞ்சம் மாற்றி மாற்றி ஓட்டி வித்தியாசம் பார்க்க வேண்டும். வெப்பமூட்டலை எந்த நேரத்தில் எவ்வளவு கொடுத்தால் பிளாஸ்மா நாம் விரும்பும் நிலைக்குப் போகும் என்று தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். டீப்மைண்ட் இதில் ஏன் இறங்கியது என்பதும் இங்கேதான் புரிகிறது. 2022ல் அவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் டிசிவி டோகமாக்கின் 19 காந்தச் சுருள்களையும் ஒரு நியூரல் நெட்வொர்க்கை வைத்து ஓட்டிக் காட்டினார்கள், அது முழுக்க சிமுலேட்டரில் பயின்றுவிட்டு நிஜ எந்திரத்துக்குப் போனது. அதற்கு அடுத்த கட்டம் வடிவத்தோடு நிற்காமல் உள்ளிருக்கும் வெப்பத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது, அதற்கு இப்படி ஒரு வேகமான சிமுலேட்டர் வேண்டும். 2025 அக்டோபரில் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு கூட்டு அறிவித்தார்கள், மாசசூசெட்ஸில் கட்டப்படும் ஸ்பார்க் எந்திரத்தின் இயக்கத்தைத் திட்டமிட டோராக்ஸ் பயன்படுகிறது. சும்மா காட்சிக்கு வைத்த பொம்மை இல்லை என்பதற்கு இது போதும்.

விடைகள் சரியா என்று கேட்பவர்களுக்கு: லோசானின் ராப்டர் என்ற, ஏற்கெனவே பெயர் பெற்ற கோடோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போவதை முதல் கட்டுரையிலேயே காட்டியிருக்கிறார்கள். அதாவது சமன்பாடுகளைச் சரியாகத் தீர்க்கிறது. தீர்க்கும் சமன்பாடு உங்கள் பிளாஸ்மாவுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி, அதற்கு ராப்டரும் பொறுப்பேற்காது.

சின்னக் குறைகளும் உண்டு. 1.0 பதிப்பை ஒட்டி உள்ளீட்டில் பல பெயர்கள் மாறின, அதற்கு முந்தைய கோப்புகளை நெட்டில் எடுத்து அப்படியே ஓட்டினால் பிழைதான் வரும், பதிப்பு எண்ணைப் பார்த்து எடுங்கள். நல்லவேளை, எந்தப் பெயர் புரியவில்லை என்று பிழைச் செய்தி தெளிவாகவே சொல்லும். ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் பிளாஸ்மா இயற்பியல் தெரிந்தவருக்காக எழுதியவை. வெறும் பைத்தான் மட்டும் தெரிந்து வருகிறவர் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்குவார். வெளியீடு நெட்சிடிஎஃப் என்ற தரவுக் கோப்பாக வருகிறது, பைத்தானின் எக்ஸ்அரே (xarray) நூலகம் பழகியிருந்தால் சுகம்.

காந்திநகர் ஆதித்யா-யு மாதிரி நம் நாட்டுச் சிறிய எந்திரங்களுக்கு இதை ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 75 சென்டிமீட்டர் ஆரம் என்று கொடுத்தால் ஓடத்தான் செய்யும், கிராஃபும் வரும். ஆனால் சிறிய, குளிர்ந்த பிளாஸ்மாவில் கியூஎல்கேஎன்என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். டோராக்ஸிலேயே மாறிலி (கசிவுக்கு நாமே ஒரு நிலையான எண் கொடுப்பது), போம்-ஜைரோபோம் போன்ற எளிய கசிவு மாதிரிகள் இருக்கின்றன, அளந்த தரவோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பதுதான் அங்கே உருப்படியான வேலை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராக ஐட்டருக்குத் தாவாமல், வட்ட வடிவம், மாறிலிக் கசிவு, பெடஸ்டல் அணைத்து வைத்தது என்று தொடங்குங்கள், வெப்பமூட்டும் இடத்தை மையத்திலிருந்து வெளியே நகர்த்தி என்ன ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் கியூஎல்கேஎன்என்னுக்கு மாறி அதே வேலையைச் செய்யுங்கள், வெப்பமூட்டலை எங்கே வைத்தாலும் வெப்பநிலை வரைகோடு எவ்வளவு பிடிவாதமாக அதே சாய்வில் நிற்கிறது என்று தெரியும். கடைசியாகப் பெடஸ்டலைத் திறந்து, ஒவ்வொரு மதிப்புக்கும் வரும் மெகாவாட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது இணைவுத் திறன் கிராஃபோடு வந்தால் அந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.